உப்பளக் கரையில் வைஃபை: மையம் யார் கையில்?

மரக்காணத்தில் ஓர் உப்பு உற்பத்தியாளர் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பத்து அறை வைத்திருக்கும் விடுதி, ஒரு சிறு தனியார் பள்ளி. வைஃபை எல்லா இடத்திலும் இருக்கிறது. முதலில் கணக்காளர் மேசைக்கென்று ஒரு ரௌட்டர் வாங்கியிருப்பார்கள். பிறகு சிசிடிவி போட வந்தவர் தன் பங்குக்கு இன்னொன்றை மாட்டிவிட்டுப் போயிருப்பார். மாடியில் சிக்னல் வரவில்லை என்று ஆன்லைனில் வாங்கிய ‘ரிப்பீட்டர்’ ஒன்றும் இருக்கும். மூன்றுக்கும் மூன்று பெயர், மூன்று பாஸ்வேர்டு. அவற்றில் ஒன்று எவருக்கும் நினைவில் இருக்காது. நெட் நின்றால் எல்லாவற்றையும் அணைத்துப் போடுவதுதான் இங்கே தெரிந்த வைத்தியம்.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது மைய மேலாண்மை. கூரையில் ஒட்டிய கருவிகள் எத்தனை இருந்தாலும் அவற்றின் பெயர், பாஸ்வேர்டு, சேனல், யாருக்கு எவ்வளவு வேகம் என்பதையெல்லாம் ஓரிடத்திலிருந்து தீர்மானிப்பது. எது நின்றுபோனது என்பதை அங்கிருந்தே பார்ப்பது. பெரிய கல்லூரிகளும் மருத்துவமனைகளும் இருபது ஆண்டுகளாக இப்படித்தான் செய்கின்றன. ஐந்து பேர் வேலை பார்க்கும், கணினிக்கென்று தனி ஆள் வைக்க முடியாத இடத்துக்கு இது பொருந்துமா? பொருந்தும், ஒரு நிபந்தனையோடு: மையம் அறுந்துபோனாலும் ஓரத்தில் இருப்பது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். இந்த நிபந்தனையைக் கருவி விற்பவர்களின் பட்டியலிலிருந்து நான் எடுக்கவில்லை. இதே கடற்கரையும் தேனி மாவட்டமும் கற்றுக்கொடுத்தது அது.

மரக்காணத்துக்குத் தெற்கே புதுச்சேரி வட்டாரத்தில், வைஃபை என்ற பெயரே பிறக்காத 1998இல், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. கனடாவின் ஆய்வு நிதி அமைப்பான ஐடிஆர்சி நிதி தந்தது. வில்லியனூரில் மைய நிலையம். அதைச் சுற்றிய கிராமங்களில் தகவல் மையங்கள். தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாத காலம் என்பதால் விஎச்எஃப் வானொலிக் கருவிகளில் பேச்சையும் தரவையும் அனுப்பினார்கள். மின்சாரம் நம்பத்தகாததாக இருந்ததால் சூரியத் தகடுகள் வைத்தார்கள். எம்பலத்தில் மையம் இருந்தது கோயில் வளாகத்தில். மீனவர் ஊரான வீராம்பட்டினத்துக்கு அமெரிக்கக் கடற்படை இணையதளம் வெளியிடும் அலை உயர முன்கணிப்பை வில்லியனூரில் எடுத்து, தமிழாக்கி அனுப்ப, ஊரில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2001இல் இந்தத் திட்டம் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது பெற்றது.

இன்றைய மொழியில் சொன்னால் அது மையத்திலிருந்து நிர்வகிக்கப்பட்ட கம்பியில்லா வலையமைப்புதான். தகவலைத் திரட்டுவது, மொழிபெயர்ப்பது, கருவி பழுதானால் பார்ப்பது வில்லியனூரின் வேலை. ஊருக்குள் அன்றாடம் நடத்துவது ஊர்க்காரர்களின் வேலை. இந்தப் பிரிவினை எவ்வளவு முக்கியம் என்பது 2004 டிசம்பர் 26 அன்று அதே திட்டத்தில் இருந்த நல்லவாட்டில் தெரிந்தது. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்து ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் தகவல் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த ஊர் உயிர்ச்சேதமின்றித் தப்பியது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வில்லியனூரின் அனுமதிக்கு யாரும் காத்திருக்கவில்லை. காத்திருக்க வேண்டிய அமைப்பாகவும் அது இருக்கவில்லை.

வைஃபையின் சொந்தக் கதை வேறு பாதையில் போனது. 802.11 தரம் 1997இல் வந்தது. ஆரம்பத்தில் ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டும், அதாவது வைஃபை அலையைத் தரும் கருவியும், தனிக்காட்டு ராஜா. நூறு கருவிகள் இருந்தால் நூறு தடவை உள்ளே நுழைந்து மாற்ற வேண்டும். ஏர்ஸ்பேஸ் போன்ற நிறுவனங்கள் மூளையை எடுத்து ‘கன்ட்ரோலர்’ என்ற தனிப் பெட்டியில் வைத்து, கூரையில் இருப்பதை வெறும் கையாக்கின. 2005இல் சிஸ்கோ ஏர்ஸ்பேஸை வாங்கியது. அடுத்த தலைமுறை அந்தப் பெட்டியையும் கட்டடத்திலிருந்து எடுத்து இணையத்தில் வைத்தது: எம்ஐடியின் ரூஃப்நெட் ஆய்விலிருந்து 2006இல் பிறந்த மெராக்கி அதில் முன்னோடி, அதையும் 2012இல் சிஸ்கோவே வாங்கிக்கொண்டது. சிறு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. யூபிக்விட்டியின் யூனிஃபை, டிபி-லிங்க்கின் ஓமாடா போன்றவை கன்ட்ரோலரை மென்பொருளாகவோ உள்ளங்கையளவு பெட்டியாகவோ தந்தன. ஓபன்விஸ்ப் போல உரிமக் கட்டணமே இல்லாத திறமூல வழியும் உண்டு. ஆனால் அதற்கு லினக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும். மரக்காணத்தில் அப்படி ஒருவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள், சென்னை கூட்டிப்போய்விடும்.

கருவிக் கடையில் பேச்சு பெரும்பாலும் வேகத்தைப் பற்றியே இருக்கும். நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: கன்ட்ரோலரோடு தொடர்பு அறுந்தால் இந்தக் கருவி என்ன செய்யும்? யூனிஃபை, ஓமாடா கருவிகள் கடைசியாகப் பெற்ற அமைப்போடு ஓடிக்கொண்டே இருக்கும். விருந்தினர் உள்நுழைவுப் பக்கம் போன்ற சில வசதிகள்தான் தடைப்படும். மெராக்கியும் இணையம் அறுந்தால் உள்ளூரில் ஓடும். ஆனால் உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டு, சலுகைக் காலமும் கடந்துவிட்டால் வலையமைப்பே நின்றுபோகும் ஏற்பாடு அதில் உண்டு. பெருநிறுவனத்தில் உரிமம் புதுப்பிக்க ஒரு துறையே இருக்கும். சங்கத்தில் செயலாளர் மாறுவார், கடிதம் பழைய செயலாளரின் மின்னஞ்சலுக்குப் போகும். ஆகவே ஆண்டு உரிமத்தில் உயிர் வாழும் கருவி, எவ்வளவு சிறந்ததானாலும், இங்கே வேண்டாம் என்பேன்.

தமிழ்நாட்டில் இந்தப் பொருளில் மிக நேர்மையான பாடம் தேனியில் கிடைத்தது. அரவிந்த் கண் மருத்துவமனை சுற்றுவட்டார ஊர்களில் பார்வை மையங்கள் திறந்தபோது, நோயாளி அங்கேயே உட்கார்ந்து தேனியில் இருக்கும் மருத்துவரோடு காணொளியில் பேச வேண்டியிருந்தது. பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எரிக் புரூவர் தலைமையிலான டயர் ஆய்வுக்குழு, சாதாரண வைஃபை அட்டைகளையும் திசை ஆன்டெனாக்களையும் கொண்டு அந்த இணைப்புகளைப் போட்டது. வைஃபையில் அனுப்பியவர் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ‘கிடைத்தது’ என்ற பதிலுக்குக் காத்திருப்பார். தூரம் கூடினால் பதில் வருமுன் பொறுமை இழந்து மறுபடி அனுப்புவார், இணைப்பு திணறும். அதைச் சரிசெய்த வழியை 2007இல் ஆய்வுத்தாளாக வெளியிட்டார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது அடுத்த ஆண்டு சோனேஷ் சுரானாவும் மற்றவர்களும் எழுதியது. சோதனை முடிந்து ஆய்வாளர்கள் ஊர் திரும்பிய பிறகு இந்த வலை எப்படி உயிரோடு இருக்கும் என்பதே அதன் கேள்வி.

அவர்கள் கண்டதில் முதலிடம் மின்சாரத்துக்கு. மின்வெட்டைவிட மோசமானது மின்தரம். திடீர் உச்ச அழுத்தம் கருவியைச் சுட்டுவிடுகிறது. அழுத்தம் பாதியில் தொங்கினாலோ, ரௌட்டர் சாகவும் செய்யாமல் எழவும் செய்யாமல் நடுவில் உறைந்து நிற்கிறது. சேமிப்பு அட்டையில் எழுதியது கெட்டுப்போகிறது. அதற்கு அவர்கள் எடுத்த வழிகள் எளிமையானவை: அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டித்துவிடும் சுற்று, உறைந்த கருவியைத் தானே மறுபடி எழுப்பும் வன்பொருள், சேமிப்பு அட்டையில் எழுதாமலேயே ஓடும் இயங்குதளம். இரண்டாவது, மையத்திலிருந்து கருவியை எட்டுவது. தேனியின் இணைய இணைப்பே நிலையற்றது. வெளியிலிருந்து உள்ளே நுழையவும் வழியில்லை. ஆகவே ரௌட்டர்களே உள்ளிருந்து வெளியே அழைத்துத் தம் நிலையைச் சொல்லும்படி செய்தார்கள். இன்று இணையத்தில் இருக்கும் கன்ட்ரோலர்களோடு இணையும் கருவிகளும் அதையேதான் செய்கின்றன. மூன்றாவது, உள்ளூர் ஊழியர். பழுது எங்கே என்று தெரியாமல் நல்ல பாகத்தைக் கழற்றுவது, தவறாக நோய் கண்டறிவது, இவையெல்லாம் ஆய்வகத்தில் தெரியாது. கடைசியில் நிர்வாகம் மருத்துவமனையின் சொந்தக் கணினிக் குழுவின் கைக்கு வந்த பிறகே அது ஆய்வுத் திட்டமாக இருப்பதை விட்டுச் சேவையாயிற்று.

தேனியில் இல்லாத இரண்டு எதிரிகள் மரக்காணத்தில் உண்டு. ஒன்று உப்புக்காற்று, மற்றது பாத்தி.

பாத்தியை முதலில் பார்ப்போம். சாலையோர அலுவலகத்திலிருந்து அளத்துக்குள் இருக்கும் எடை போடும் கொட்டகைக்கு இரண்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கேபிள் இழுக்க முடியாது. இரு முனையிலும் திசை ஆன்டெனா வைத்து 5.8 கிகாஹெர்ட்ஸில் இணைப்பது வழக்கம். கண்ணுக்கு எதிர்முனை தெளிவாகத் தெரிகிறதே என்று பலர் கம்பத்தைக் குட்டையாக நட்டுவிடுகிறார்கள். அலை நேர்கோட்டில் நூலாகப் போவதில்லை. நடுவழியில் பருத்து, இந்தத் தூரத்துக்குச் சுமார் 5 மீட்டர் ஆரம் கொண்ட வெளியை எடுத்துக்கொள்கிறது. அதில் அறுபது விழுக்காடாவது, அதாவது 3 மீட்டர், தடையற்று இருக்க வேண்டும். அம்பாரமாகக் குவித்துக் கீற்றுப் போட்ட உப்புக் குவியல் அந்த வெளிக்குள் எளிதாக நுழைந்துவிடும். ஜனவரியில் நன்றாக ஓடிய இணைப்பு மே மாதத்தில் திக்கினால் கருவியைக் குறை சொல்லுமுன் குவியலைப் பாருங்கள்.

அடுத்தது பிரதிபலிப்பு. உப்புநீர் நிறைந்த பாத்தி வானொலி அலைக்குக் கண்ணாடி. நேரே வரும் அலையும் பாத்தியில் பட்டுத் தெறித்து வரும் அலையும் சில உயரங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நீர் பாய்ச்சிய நாளில் ஒரு மாதிரி, வற்றி உப்பு படிந்த நாளில் இன்னொரு மாதிரி. கழுவெளி ஏரியின் கழிமுகத்தைத் தாண்டிப் போகும் இணைப்பில் நீர்மட்டமும் ஏறி இறங்கும். ஒரு முனையை உயர்த்தி மறுமுனையைத் தாழ்த்தினால் தெறிக்கும் புள்ளி இடம் மாறும். அது பாத்தியை விட்டு, சீமைக்கருவேலம் மண்டிய வரப்பின் மேல் விழும்படி செய்துவிட்டால் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. கன்ட்ரோலர் திரையில் இதெல்லாம் தெரியாது. சிக்னல் இத்தனை குறைந்தது என்று மட்டும் காட்டும்.

உப்புக்காற்று மெதுவாகக் கொல்லும். வெளியே மாட்டிய ஆக்சஸ் பாயின்ட்டின் உடல் ஐபி67 தரமாக இருக்கும், ஒன்றும் ஆகாது. போவது கேபிள் முனை. பிஓஇ முறையில் அதே கேபிளில்தான் மின்சாரமும் போகிறது. ஈரமும் உப்பும் மின்னழுத்தமும் சேர்ந்தால் மின்பகுப்பு தொடங்கிவிடும். மலிவான பிஓஇ அடாப்டர்களில் நேர்மின் போவது நான்காவது, ஐந்தாவது கம்பிகளில். முனையைக் கழற்றிப் பாருங்கள்: மற்றவை பளபளப்பாக இருக்கும்போதே அந்த இரண்டு தகடுகளும் பச்சை பூத்து, தேய்ந்து, ஒன்று இல்லாமலேகூடப் போயிருக்கும். திரையில் இதன் அறிகுறி விநோதமானது. கருவி அடிக்கடி தானாக அணைந்து எழும், அல்லது கிகாபிட் வேகம் நூறாகக் குறையும். மென்பொருள் கோளாறு என்று எண்ணிப் புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள். மருந்து மலிவு: முனையில் மின்காப்பு கிரீஸ், மேலே தன்னொட்டு ரப்பர் டேப், வெயில் தாங்கும் வெளிப்புறக் கேபிள், சுவருக்குள் நுழையுமுன் நீர் சொட்டும்படி கீழ்நோக்கி ஒரு வளைவு. ஆணிகள் 316 தர எஃகாக இருக்கட்டும். எர்த் கம்பியை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். உப்பு மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், ஆனால் கம்பியைத் தின்றுவிடும். இரு கட்டடங்களுக்கு இடையே செம்புக் கேபிள் வேண்டவே வேண்டாம். ஃபைபர் போட்டால் ஒரு கட்டடத்தில் விழுந்த இடி மறு கட்டடத்துக்கு விருந்து வராது.

பிறகு புயல். 2011 டிசம்பரில் தானே, 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல். மூன்றும் இந்தக் கரையருகே கரையேறியவை. ஃபெஞ்சலின்போது விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.யைத் தாண்டி மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் முதலில் போவது மின்சாரம். இங்கே ஒரு சிறு கணக்கு. மூன்று ஆக்சஸ் பாயின்ட், ஒரு பிஓஇ ஸ்விட்ச், ஃபைபர் பெட்டி, ரௌட்டர் எல்லாம் சேர்ந்து சுமார் 50 வாட். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. பாதியைத்தான் எடுப்போம், இன்வெர்ட்டரும் தன் பங்கைத் தின்னும் என்று வைத்தாலும் பதினைந்து மணி நேரம் ஓடும். விசிறியையும் அதே இன்வெர்ட்டரில் மாட்டாத வரைக்கும். வெளி இணையம் போய்விட்டாலும் உள்வலை இருந்தால் அலுவலகத்துக்குள் கணக்கு மென்பொருள் ஓடும், கேமரா பதிவாகும். வெளி இணைப்புக்கு இரண்டாவதாக ஒரு 4ஜி சிம் ரௌட்டர் இருக்கட்டும். ஃபைபர் தரும் நிறுவனத்தின் சிம்மாக அது இல்லாமலிருந்தால் நல்லது.

கட்டடத்துக்குள் அலைவரிசைத் திட்டம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. 5 கிகாஹெர்ட்ஸில் இந்திய அரசு 2018 அக்டோபரில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது, இடம் தாராளம். அனுப்பும் திறனை உச்சத்தில் வைப்பது பொதுவான தவறு: கருவியின் குரல் போனுக்குக் கேட்கும், போனின் குரல் கருவிக்குக் கேட்காது. வலைப்பெயர்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம்: அலுவலகம், விருந்தினர், கேமரா. ஒவ்வொரு பெயரும் தன்னை அறிவித்துக்கொண்டே இருப்பதால் பெயர் கூடக் கூட அலைநேரம் வீணாகும். மூன்றையும் விலான் என்ற மெய்நிகர் வலைப்பிரிப்பு கொண்டு பிரித்துவிட்டால் விடுதிக்கு வந்தவரின் போன் கணக்காளர் கணினியைப் பார்க்க முடியாது. மைய மேலாண்மையின் உண்மையான லாபம் இங்கேதான். இந்தப் பிரிப்பை ஒருமுறை எழுதினால் எல்லாக் கருவிக்கும் போய்ச் சேரும். தனித்தனி ரௌட்டர்களில் இதைச் செய்து முடித்தவரை நான் கண்டதில்லை.

சட்டப் பக்கத்தையும் சிறு நிறுவனங்கள் கவனிப்பதில்லை. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டப்படாத வைஃபை வழியாகப் போனது. அங்கே குடியிருந்தவர் சிரமப்பட்டார். அடுத்த ஆண்டே தொலைத்தொடர்புத் துறை வைஃபை பாதுகாப்பு நெறிகளை வெளியிட்டது. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த கட்டளை, நிறுவனங்கள் பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும், இணையத் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. ஆக, சுவரில் பாஸ்வேர்டு எழுதி ஒட்டி விருந்தினரை உபசரிக்கும் பழக்கத்துக்கு விலை உண்டு. அறை எண்ணோடு சேர்ந்து காலாவதியாகும் சீட்டுகளைக் கன்ட்ரோலரிலிருந்தே அச்சிட்டுக் கொடுக்கலாம்.

பொது வைஃபைக்கு 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி ஏற்பாட்டில் ஒரு நல்ல யோசனை ஒளிந்திருக்கிறது. டீக்கடைக்காரர் உரிமமோ பதிவோ இன்றி வைஃபை கொடுக்கலாம். கணக்கும் அடையாளச் சரிபார்ப்பும் பல கடைகளைச் சேர்த்துப் பார்க்கும் திரட்டு நிறுவனத்தின் பொறுப்பு. கடைக்காரரிடம் போய் நெட்வொர்க் படி என்று யாரும் சொல்லவில்லை. அதே பிரிவினையை மரக்காணத்தின் தனியார் வலைகளுக்கும் கொண்டுவரலாம். தனியாக ஒரு கணினி ஆள் வைக்க எந்தச் சங்கத்தாலும் முடியாது. ஒரு பள்ளி, ஒரு விடுதி, ஓர் ஐஸ் ஆலை, இரண்டு சங்கங்கள் சேர்ந்து திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ இருக்கும் ஒருவருக்கு மாதச் சம்பளம் தர முடியும். ஒரே கன்ட்ரோலரில் ஐந்து நிறுவனத்தையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் வசதி இப்போது பல மென்பொருள்களில் உண்டு.

தகராறு வருவது அந்த ஒப்பந்தத்தில்தான். வழக்கமாக, மாட்ட வந்தவர் தன் சொந்த மின்னஞ்சலில் கன்ட்ரோலர் கணக்கைத் தொடங்கிவிடுகிறார். அவரோடு மனஸ்தாபம் வந்தாலோ, அவர் வேறு வேலைக்குப் போனாலோ, ஒவ்வொரு கருவியையும் ஏணி வைத்து ஏறி, ஊசியால் அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். எனவே கணக்கு நிறுவனத்தின் பெயரில், செயலாளர் மாறினாலும் மாறாத ஒரு மின்னஞ்சலில் இருக்க வேண்டும். பராமரிப்பவர் அதில் ஒரு பயனர், அவ்வளவே. மாதம் ஒருமுறை அமைப்பின் நகல் ஒரு பென்டிரைவில் அலுவலகப் பீரோவுக்கு வர வேண்டும். பீரோவில் முன்கூட்டியே அமைத்து வைத்த உபரி ஆக்சஸ் பாயின்ட் ஒன்றும், எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிந்தால் என்ன செய்வது என்று தமிழில் எழுதிய ஒரு தாளும் இருக்கட்டும். கூப்பிட்டால் எத்தனை மணி நேரத்தில் வர வேண்டும் என்பதோடு, கூப்பிடாமலே ஆண்டுக்கு ஒருமுறை வர வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு ஏற்ற மாதம் புரட்டாசி: வெயில் தணிந்து, உப்பு வாருவது முடியும் தறுவாய், வடகிழக்குப் பருவமழை இன்னும் பிடிக்கவில்லை, கம்பம் ஏறக் கைக்கு ஆளும் கிடைப்பார்.